மாணவர் பாராளுமன்றம் பெயரளவில் நிற்கிறது. இயங்க வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: கொழும்பில் தமிழ், சிங்களம் இரண்டும் மொழிமூலமாக உள்ள ஒரு பாடசாலை. கேட்பவர் தரம் 12. மாணவர் பாராளுமன்றத்தின் பிரதமராகத் தெரிவாகியிருக்கிறார். போன வருடம் சின்னம் சூட்டும் விழாவும் அதன்பின் ஒரேயொரு கூட்டமும்தான் நடந்தன. மாணவத் தலைவர்கள் "இதெல்லாம் எங்கட வேலை" என்கிறார்கள். வகுப்பு மொனிற்றர்களோடு தொடர்பு இல்லை. கையில் காசு இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கொப்பியிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், ஒரே பாடசாலைக்குள் இருக்கும் நாலு விதமான தலைமையும் எங்கிருந்து அதிகாரம் பெறுகின்றன என்று பார்த்தால் உங்கள் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மொனிற்றர் வகுப்பாசிரியரின் ஆள். வரவு இடாப்பைக் கொண்டுபோவது, ஆசிரியர் வராத பாடவேளையைக் காரியாலயத்துக்கு அறிவிப்பது, வகுப்பைச் சத்தமில்லாமல் வைத்திருப்பது அவர் வேலை. மாணவத் தலைவர் அதிபரின் ஆள். விண்ணப்பம், ஆசிரியர்களின் புள்ளி, நேர்முகம் என்று வடிகட்டி நியமிக்கப்படுகிறார். ஒழுங்கைக் காக்கும் பொறுப்பை அதிபர் அவரிடம் கொடுத்திருக்கிறார், வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்வார். தமிழ் இலக்கிய மன்றம், இந்து மாணவர் மன்றம், விஞ்ஞானக் கழகம் போன்றவை தங்கள் யாப்பின்படி நடக்கின்றன. அவற்றின் தலைவர் உறுப்பினர்களுக்கும் பொறுப்பாசிரியருக்கும் பதில் சொல்லவேண்டியவர். மாணவர் பாராளுமன்றம் மட்டும்தான் மாணவர்களின் வாக்கில் நிற்கிறது. அதனால் மாணவர்கள் சார்பில் பேசும் உரிமை உங்களிடம் இருக்கிறது, ஆனால் யாருக்கும் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. வாசலில் நிற்கும் ஒரு பிள்ளையை "தலைமயிரை வெட்டிக்கொண்டு வா" என்று நீங்கள் அனுப்ப முடியாது. அந்த இடத்தில் மாணவத் தலைவர்கள் சொல்வது சரி.

இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது கஷ்டமில்லை. இன்றைக்கு விதி எப்படி நடைமுறையாகிறது என்பது மாணவத் தலைவர்களின் விடயம். அந்த விதி சரியா, மாற்றலாமா என்பது உங்கள் விடயம். பிந்தி வருவோர் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 7.30 க்குப் பிறகு வருபவரின் பெயரை எழுதுவது மாணவத் தலைவர். மாத முடிவில் பெயர்களை விட்டுவிட்டு வகுப்பு, நேரம், வந்த வழி மூன்றையும் மட்டும் தரும்படி பிரதி அதிபர் ஊடாகக் கேளுங்கள். பிந்தி வந்த 30 பேரில் 12 பேர் ஒரே வேனில் மட்டக்குளிப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று தெரிந்தால், அந்தப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைப்பதில் பயனில்லை. வேன்காரர் 15 நிமிடம் முன்னால் புறப்படவேண்டும், அதை அதிபரோ பெற்றாரோ சொன்னால்தான் நடக்கும். இந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தீர்கள் என்றால் மாணவத் தலைவர்களுக்கே வேலை குறையும். அடுத்த முறை பதிவேட்டை அவர்களே கொண்டுவந்து தருவார்கள்.

பதிவேட்டில் "வந்த வழி" என்ற நிரல் இல்லாவிட்டால் முதல் வேலை அதைச் சேர்க்கச் சொல்வதுதான். "காரணம்" என்ற நிரலில் எல்லாரும் "வாகன நெரிசல்" என்றுதான் எழுதுவார்கள். காலி வீதியில் அது பொய்யுமில்லை, ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இனி மொனிற்றர்கள். பல பாடசாலைகளில் ஒரு தவறு நடக்கிறது: வகுப்பாசிரியர் மொனிற்றரையே பாராளுமன்றத்துக்கும் அனுப்பிவிடுவார். அவருக்குப் பிள்ளையைத் தெரியும், தேர்தல் வைக்கும் தொல்லையும் இல்லை. விளைவு, வகுப்பைப் பற்றி முறைப்பாடு சொல்லவேண்டியவரும் வகுப்பை அடக்கவேண்டியவரும் ஒரே ஆளாகிவிடுகிறார். பிள்ளைகள் அவரிடம் மனந்திறந்து பேசமாட்டார்கள். ஆள் வேறாக இருக்கட்டும். ஆனால் இருவருக்கும் ஒரு பாலம் தேவை. வகுப்பு மாணவர் மன்றம் கூடும் பாடவேளையில் ஐந்து நிமிடம் பாராளுமன்ற உறுப்பினருக்கு என்று நிகழ்ச்சி நிரலில் எழுதிவிடுங்கள். போன கூட்டத்தில் என்ன முடிவானது, அடுத்த கூட்டத்துக்கு இந்த வகுப்பிலிருந்து என்ன கேட்கவேண்டும் என்ற இரண்டு விடயம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கித் தருவது மொனிற்றர். வகுப்பு மன்றத்தில் முன்மொழிந்து வழிமொழிந்து பழகிய பிள்ளைக்கு இது புதிதாகவும் இருக்காது.

தேர்தலைப் பற்றி, அடுத்த முறைக்காக. தரம் 6 முதல் 13 வரை எட்டுத் தரம், தரத்துக்கு நாலு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர் என்று வைத்துக்கொண்டால் 32 வகுப்பு, 1,280 வாக்குச்சீட்டு. ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டலாம், 160 தாள். பழுதாவதற்கு பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 176. ஒரு றீம் 500 தாள், அதில் பாதிகூடத் தேவையில்லை. ஆகவே "செலவு அதிகம், கையை உயர்த்தச் சொல்வோம்" என்ற நியாயம் நிற்காது. கை உயர்த்தும் தேர்தலில் கடைசி வாங்கில் இருப்பவர் முன் வாங்கைப் பார்த்துத்தான் கையை உயர்த்துவார். ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் பொறுப்பாசிரியரின் சுருக்கொப்பம் இருக்கட்டும். எண்ணுவது வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவத் தலைவர்களும். இது மாணவத் தலைவர்களுக்குத் தேர்தலில் ஒரு கௌரவமான பங்கையும் கொடுக்கிறது.

மூன்று பேர் நிற்கும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். 40 வாக்கில் ஒருவர் 16, அடுத்தவர் 14, மூன்றாமவர் 10. 16 எடுத்தவரை அறிவித்தால் வகுப்பில் 24 பேர் அவரை விரும்பாதவர்கள். 1, 2 என்று விருப்புத் தெரிவை எழுதச் சொல்லுங்கள். மூன்றாமவரின் 10 சீட்டையும் திருப்பிப் பார்க்கும்போது அதில் இரண்டாம் விருப்பு 7 அடுத்தவருக்கும் 3 முதலாமவருக்கும் விழுந்திருந்தால், 19 க்கு 21 என்று இரண்டாவதாக நின்றவர் வெல்கிறார். இது பிள்ளைகளுக்குப் புரியாத கணக்கு இல்லை. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டதை எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதே முறைதான்.

வகுப்புக்கு இரண்டு உறுப்பினர், கலவன் பாடசாலை என்றால் ஓர் ஆண் ஒரு பெண் என்றால், 64 பேர் வரும். இதில் தரம் 13 பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை நெருங்க வரமாட்டார்கள். கூட்ட நடப்பெண்ணை, அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்ற எண்ணை, பாதி என்று வைத்தால் வருடக் கடைசியில் ஒரு கூட்டமும் நடக்காது. மூன்றில் ஒன்று, அதாவது 22 பேர் போதும். 225 பேர் கொண்ட நாட்டின் பாராளுமன்றத்துக்கே அரசியலமைப்பு 20 பேரைத்தான் கூட்ட நடப்பெண்ணாக வைத்திருக்கிறது. அங்கிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம்: சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை, வாக்குகள் சமமாக நின்றால் மட்டும் தன் வாக்கைப் போடுவார். வாக்கெடுப்புக்கு முன்பே சபாநாயகர் கட்சி பிடிக்கும் சபையில் பிறகு யாரும் அவர் சொல் கேட்கமாட்டார்கள்.

எடுக்கக்கூடாததையும் சொல்லவேண்டும். செங்கோல் செய்வது, கறுப்பு அங்கி வாடகைக்கு எடுப்பது, செங்கோலைத் தூக்கி வரும் படைக்கலச் சேவிதருக்கு வெள்ளைக் கையுறை தேடிப் புறக்கோட்டையில் அலைவது. முதல் மாதம் முழுவதும் இதில் போய்விடுகிறது; அங்கி திருப்பிக் கொடுத்ததோடு பாராளுமன்றமும் முடிந்துவிடுகிறது. பதவிகளில் உண்மையாகவே பயன்படுவது முதற்கோலாசான். பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் கூட்டத்துக்கு முதல் நாள் 32 வகுப்பையும் சுற்றி "நாளைக்கு மூன்றாம் பாடவேளை, மறக்காதே" என்று சொல்லி ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை அவருடையதுதான். உட்கார மாட்டாத, எல்லாரையும் தெரிந்த ஒருவரை அதற்குப் போடுங்கள். அமைச்சுகள் ஆறுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் இணைப்பாளராக இருக்கவேண்டும். வெளிவிவகார அமைச்சர் ஒருவரை நியமித்துவிட்டு அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் நிலை வரக்கூடாது.

கூட்டத்தின் நேரம். கொழும்பில் 1.30 க்குப் பிறகு கூட்டம் என்று அறிவித்தால் அது நடக்காது. வேன் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்கு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரியூசன் இருக்கும். இடைவேளை 20 நிமிடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடத்தான் நேரம். ஆகவே ஒரு பாடவேளை வேண்டும். அதை அதிபரிடம் கேட்கும்போது "மாதம் ஒரு முறை, 40 நிமிடம், ஒவ்வொரு மாதமும் வேறு பாடவேளை" என்று கேளுங்கள். எப்போதும் செவ்வாய் மூன்றாம் பாடவேளை என்றால் ஒரே கணித ஆசிரியரின் வகுப்புத்தான் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்படும். இரண்டாம் மாதமே அவர் பிள்ளைகளை விடமாட்டார், அதில் குற்றம் சொல்லவும் முடியாது. வெள்ளிக்கிழமையில் கடைசிப் பாடவேளைகளை விட்டுவிடுங்கள், முஸ்லிம் மாணவர்கள் ஜும்ஆவுக்குப் புறப்படும் நேரம். திகதி குறிக்குமுன் போயா விடுமுறையையும் நாட்காட்டியில் பாருங்கள்.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? போன கூட்டக் குறிப்பும் அமைச்சர்களின் பதிலும் 10 நிமிடம். அறிவித்தல் 5. மிச்சம் 25. ஒரு பிரேரணைக்கு முன்மொழிபவர் 3 நிமிடம், வழிமொழிபவர் 2, நாலு பேச்சாளருக்கு ஒன்றரை நிமிடப்படி 6, முன்மொழிந்தவரின் பதில் 1. மொத்தம் 12. ஆகவே ஒரு கூட்டத்துக்கு இரண்டு பிரேரணைதான். மூன்றாவதை உள்ளே விட்டால் மூன்றும் அரைகுறையாகிவிடும். நாலு பேச்சாளரில் முதல் இருவர் தரம் 6 முதல் 9 க்குள் இருக்கவேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். தரம் 12 அண்ணாமார் பேசிய பிறகு தரம் 7 பிள்ளை எழுந்து மாற்றுக்கருத்துச் சொல்லாது.

பிரேரணை எழுதுவதில்தான் அநேகமான சபைகள் தோற்கின்றன. "கழிவறைகள் துப்புரவாக இல்லை, நடவடிக்கை எடுக்கவேண்டும்" என்று எழுதினால் அதிபர் "சரி, பார்ப்போம்" என்பார். அதற்கு வேறு பதில் சொல்லவும் முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "கனிஷ்ட பிரிவுக் கட்டடத்தின் முதலாம் மாடியில் உள்ள நாலு கழிவறைகளில் இரண்டுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. இரண்டு தாழ்ப்பாளும் இடைவேளைக்கு முன் ஒரு தடவை கழுவுவதும் தேவை என்று இச்சபை அதிபரைக் கேட்டுக்கொள்கிறது. தாழ்ப்பாளின் விலையைச் சுகாதார அமைச்சர் கடையில் விசாரித்து இத்துடன் இணைத்திருக்கிறார்." இதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் வரும். ஒரு பக்கம், ஒரு விடயம், எண்ணிக்கை, இடம், செலவு. ஐந்து கோரிக்கையை ஒரே கடிதத்தில் போட்டால் அவற்றில் கஷ்டமான ஒன்றைச் சாட்டி ஐந்தும் மேசையில் கிடக்கும்.

முதல் பிரேரணையைத் தெரிவு செய்வதில் கொஞ்சம் சூட்சுமம் தேவை. செலவே இல்லாதவை இருக்கின்றன: நூலகத்தை இடைவேளையில் திறப்பது, தவணைப் பரீட்சை நேரசூசியை இரண்டு வாரம் முன்பே ஒட்டுவது, காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பதைத் தரங்களுக்குச் சுழற்சியாகக் கொடுப்பது. சிறு செலவுள்ளவை இருக்கின்றன, தாழ்ப்பாள் போல. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போகவேண்டியவை இருக்கின்றன: தண்ணீர் வடிகட்டி, மின்விசிறி. வலயக் கல்விப் பணிமனை வரை போகவேண்டியவையும் இருக்கின்றன: ஆசிரியர் வெற்றிடம், கட்டடத் திருத்தம். முதல் வகையில் ஒன்றைக் கேட்டு, அது நடந்து, பிள்ளைகள் கண்ணால் கண்ட பிறகுதான் மற்றவை. முதல் கூட்டத்திலேயே சீருடையை மாற்றக் கேட்ட சபை அந்த வருடம் முழுவதும் ஒன்றும் பெறாது.

இப்போது அந்தக் கொப்பி. ஒற்றைத் தாள்களில் எழுதாதீர்கள், கோப்பிலிருந்து நழுவிவிடும். பக்க எண் இடப்பட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் செயலாளர் எழுதி, சபாநாயகர் ஒப்பமிட்டு, பொறுப்பாசிரியர் ஊடாக அதிபரின் மேசைக்குப் போகவேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் செயலாளரின் ஞாபகம்தான் கூட்டத்தின் முடிவாகிவிடும். அங்கேதான் சண்டை தொடங்குகிறது. திகதி, தொடங்கிய நேரம், வந்தோர் தொகை, பிரேரணையின் சொற்கள் அப்படியே, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு எத்தனை எதிர் எத்தனை. அதன்பின் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே மூன்று சொல்: யார், என்ன, எப்போதைக்குள். "இது பற்றிப் பேசப்பட்டது" என்ற வசனத்தைச் செயலாளர் எழுதினால் வெட்டிவிடுங்கள். யார் என்ன சொன்னார் என்று முழுக்க எழுதுவது ஹன்சாட். அதற்கு நாட்டின் பாராளுமன்றத்தில் தனியொரு திணைக்களமே இருக்கிறது, உங்களிடம் ஒரு செயலாளரும் ஒரு பேனாவும்தான்.

வலப்பக்க ஓரத்தில் இரண்டு விரலகலம் வெறுமையாக விடுங்கள். அதிபர் அங்கே "ஆம்", "இல்லை", "அபிவிருத்திச் சங்கத்துக்கு" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைக்கலாம். வேலை நிறைந்த அதிபருக்கு ஒரு கூட்டத்துக்கு வருவதைவிட ஓரத்தில் ஒரு சொல் எழுதுவது சுலபம். அந்த ஒரு சொல் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படும்போதுதான் சபைக்கு உயிர் வருகிறது. "இல்லை" என்ற பதிலும் பதில்தான். காரணத்தோடு வகுப்புகளுக்குப் போய்ச் சேரட்டும். பதிலே வராத பிரேரணையை அடுத்த கூட்டக் குறிப்பில் "நிலுவை" என்ற தலைப்பில் திரும்ப எழுதுங்கள், கோபமில்லாமல், அதே சொற்களில்.

இரண்டு மொழிமூலப் பாடசாலை என்பதால் ஒரு விசேட கவனம். தமிழ் வகுப்புகள் குறைவாக இருந்தால் வாக்கெடுப்பில் எப்போதும் சிறுபான்மைதான். அதைவிடப் பெரிய சிக்கல், கூட்டம் மெல்ல மெல்ல ஒரே மொழிக்குச் சறுக்கிவிடுவது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேகமாகப் பேச வசதியான மொழி வென்றுவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து "என்னடா முடிவு?" என்று கேட்பார்கள். அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புரை, பாராளுமன்ற உறுப்பினர் தேசிய மொழிகள் இரண்டில் எதிலும் தன் கடமையைச் செய்யலாம் என்கிறது. உங்கள் சபையின் விதிகளிலும் அதை எழுதுங்கள். எல்லாப் பேச்சையும் மொழிபெயர்க்க 40 நிமிடம் போதாது. இரண்டை மட்டும் கட்டாயமாக்குங்கள்: பிரேரணை இரண்டு மொழியிலும் அச்சாகி முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும், வாக்கெடுப்புக்கு முன் சபாநாயகர் அதை இரண்டு மொழியிலும் வாசிக்கவேண்டும். சபாநாயகர் சிங்கள மொழிமூலம் என்றால் பிரதிச் சபாநாயகர் தமிழ் மொழிமூலம். அடுத்த வருடம் மாறி. கூட்டக் குறிப்பில் முடிவுகளை மட்டும் மற்ற மொழியிலும் எழுதினால் போதும்.

வட்ஸ்அப் குழு வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, எப்படியும் தொடங்குவீர்கள். அறிவித்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொறுப்பாசிரியரும் அதில் இருக்கட்டும். தரம் 6, 7 பிள்ளைகளிடம் சொந்தத் தொலைபேசி இருக்காது. இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் எடுத்த "முடிவு" அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எடுத்தது. பெருவிரல் படம் வாக்கு ஆகாது. சபையில் எடுபட்டுக் கொப்பியில் ஏறியதுதான் முடிவு.

காசு. நீங்கள் "காசு இல்லை" என்று கவலைப்படுகிறீர்கள். உண்மையில் காசு இல்லாத சபைக்குத் தலைவலி குறைவு. மேலே சொன்ன வேலைகளுக்குக் கொப்பியும் தாளும் போதும், அதைக் காரியாலயம் தரும். நிதி அமைச்சர் என்று ஒருவரை வைத்தவுடன் அவர் நிதி சேர்க்கத் துடிப்பார். வகுப்புக்கு வகுப்பு உண்டியல் போகும். அதிபரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மாணவரிடம் ஒரு ரூபாயும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பற்றுச்சீட்டு இருக்கவேண்டும், அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவேண்டும். மன்றங்களில் பெரும்பொருளாளர் என்று ஓர் ஆசிரியரை வைப்பது இதற்காகத்தான். காசு மாணவரின் பையிலோ, அவர் அண்ணாவின் வங்கிக் கணக்கிலோ ஓர் இரவுகூடத் தங்கக்கூடாது. களவு நடப்பது அரிது. பெரும்பாலும் நடப்பது, 4,500 ரூபாவில் ஓட்டோவுக்கு 400 கொடுத்து, போட்டோ பிரதிக்கு 250 கொடுத்து, எதற்கும் துண்டு வாங்காமல், கடைசியில் 3,850 ஐக் காட்டி ஒரு நல்ல பிள்ளை கெட்ட பெயர் வாங்குவது. செலவுக்குத் தனியாக முற்பணம் வாங்கவேண்டும். சேர்த்த காசிலிருந்து செலவு செய்யக்கூடாது. உணவு விற்று நிதி சேர்க்கும் யோசனை வந்தால், சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தக்காரர் இடத்துக்குப் பணம் கட்டி நடத்துகிறார் என்பதை நினைத்து, முதலில் காரியாலயத்தில் கேளுங்கள்.

மன்றங்களோடு சேர்ந்து விழா எடுத்து மலர் வெளியிடும் ஆசை வரும். மலர் விளம்பரத்தில்தான் நிற்கிறது. விளம்பரத்துக்குச் செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கும் வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளுக்கும்தான் எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளும் படையெடுக்கிறார்கள். வாணி விழாக் காலத்தில் ஒரே கடைக்கு ஒரே நாளில் மூன்று பாடசாலை போகும். அதனால் இரண்டு மாதம் முந்துங்கள், காலை 11 மணிக்கு முன் போங்கள். முதலாளி கடையில் இருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் "முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க" என்ற பதில் பாதியாகக் குறையும். அதிபரின் கடிதத் தலைப்பு, முத்திரை, பின்னட்டை முழுப்பக்கம் அரைப்பக்கம் என்று விலை எழுதிய தாள், போன வருட மலரின் ஒரு பிரதி, இவ்வளவும் கையில் இருக்கட்டும். எந்தச் சோடி எந்தத் தெரு என்று முன்பே பிரித்து எழுதாவிட்டால் ஒரே கடைக்கு உங்கள் பிள்ளைகளே இரண்டு முறை போய் வெட்கப்படுவார்கள். வாயால் சொன்ன விளம்பரத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கையெழுத்தும் முற்பணமும் வந்ததுதான் விளம்பரம்.

அச்சகத்தில் இரண்டு இடத்தில் வழுக்கும். நடுவில் பின் அடிக்கும் மலரின் பக்கங்கள் நாலால் வகுபடவேண்டும்; 50 பக்கம் எழுதினால் 52 ஆகும், அந்த இரண்டு வெற்றுப் பக்கத்தைப் பிந்தி வரும் விளம்பரத்துக்கு வைத்திருங்கள். மற்றது எழுத்துரு. பிள்ளைகள் தொலைபேசியில் யுனிகோட்டில் தட்டி அனுப்புவார்கள், அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்வார்கள், மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி "கொழும்பு" வேறு ஏதோ ஆகிவிடும். மாற்றிய பிறகு எடுத்த அச்சுப் பிரதியைத்தான் ஒப்புநோக்கவேண்டும், உங்கள் கையிலிருக்கும் மூலத்தை அல்ல.

சபைக்கு வரக்கூடாத விடயங்களும் உண்டு. ஓர் ஆசிரியர் பிள்ளைக்கு அடித்தார், யாரோ ஒருவர் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்தார் என்ற முறைப்பாட்டைப் பிரேரணையாக்கி 64 பேர் முன் வாசிக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையைத்தான் அது திரும்ப நோகடிக்கும். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடை செய்திருக்கிறது. மாணவத் தலைவர்களுக்கும் அந்தக் கை நீளக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்படியான விடயம் காதுக்கு வந்தால் அதே நாளில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ அதிபரிடமோ போகவேண்டும். அங்கே கதவு மூடியிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. இந்த இலக்கத்தை வகுப்பறைகளில் ஒட்டவேண்டும் என்பது நல்ல பிரேரணை, செலவும் இல்லை.

வருடத்தைத் திட்டமிடும்போது உண்மையான பாடசாலை வாரங்களை எண்ணுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மைதானத்தைத் தவிர வேறெங்கும் யாரும் இருக்கமாட்டார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக் காலத்தில் நன்றாகப் பேசக்கூடிய உங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் ஒத்திகையில். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், அதை ஒட்டி வாணி விழா. பரீட்சைகளையும் கழித்தால் ஒரு சபைக்குக் கிடைப்பது ஆறு நல்ல கூட்டம். ஆறு கூட்டம், பன்னிரண்டு பிரேரணை. அதில் ஏழு நடந்தால் மிக நல்ல வருடம்.

கடைசிக் கூட்டத்தைக் கையளிப்புக்கு என்று ஒதுக்குங்கள். புதியவர்கள் தெரிவான பிறகு, பழையவர்கள் பரீட்சைக்குப் போகுமுன், இருவரும் ஒரே அறையில் இருக்கும் ஒரு பாடவேளை. கூட்டக் குறிப்புக் கொப்பி, நிலுவையிலுள்ள பிரேரணைகளின் பட்டியல், பதில் வந்த கடிதங்கள், காசுக் கொப்பி இருந்தால் மீதியும் பெரும்பொருளாளரின் ஒப்பமும், வாக்குச்சீட்டின் மாதிரி, அலுமாரித் திறப்பு. எல்லாவற்றையும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கொடுத்தவர் பெற்றவர் இருவரும் ஒப்பமிடுங்கள். போன வருடத்துக் கொப்பி எங்கே என்று இப்போதே தேடுங்கள். பெரும்பாலும் பொறுப்பாசிரியரின் மேசையின் கீழ் லாச்சியில் இருக்கும்.